5 ஆம்பியர் மோட்டாருக்கு 18, 12 ஆம்பியர் ஹீட்டருக்கு 9: ஒன்றரை ஆண்டு ஓடிய ஒரு பேனலின் சுவிட்சுகளும் ரிலேக்களும்

சாய்வான கான்வேயர் ஒன்று, நிறுத்தும் பட்டனை அழுத்திய பிறகும் நிற்காமல் பின்னால் வழிந்து இறங்கியது. முக்கால்வாசி தூரம் ஏறியிருந்த பெட்டிகள் எல்லாம் அடியில் வந்து குவிந்தன. அந்த நேரத்தில் கீழே யாரும் நிற்கவில்லை என்பதை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். கண்ட்ரோல் பேனலைத் திறந்து பார்த்தால், மோட்டாரின் பிரேக் காயிலுக்கு (மின்சாரம் பாய்ந்தால் காந்தமாகும் கம்பிச்சுருள்) மின்சாரம் கொடுக்கும் சின்ன ரிலேயின், அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சின், பாயிண்ட் (தொட்டுப் பிரியும் உலோக முனை) ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த வகை பிரேக்கில் காயிலுக்கு மின்சாரம் நின்றால்தான் ஸ்பிரிங் வந்து பிடிக்கும். மோட்டாருக்குப் போன மின்சாரம் நின்றுவிட்டது, பிரேக் காயிலுக்குப் போனது நிற்கவில்லை.

ரிலேயைக் கழற்றிக் கையில் எடுத்தேன். உறைமேல் தெளிவாக அச்சிட்டிருந்தது: 10 ஆம்பியர், 250 வோல்ட். பிரேக் காயில் எடுப்பதோ அரை ஆம்பியர். "இருபது மடங்கு பெருசாத்தானே போட்டிருக்கு, அப்புறம் எப்படி அண்ணே ஒட்டும்?" என்று கூட இருந்த தம்பி கேட்டான். அவனுக்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்து அந்தப் பேனலில் இருந்த ஒவ்வொரு சுவிட்சையும் ரிலேயையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாதிக்குமேல் இடம் மாறி உட்கார்ந்திருந்தன. கடைசியில் முழுப் பேனலையும் மாற்றினோம். தினம் 16 மணி நேரம் என்று புதியது ஒன்றரை ஆண்டு ஓடிவிட்டது. என்னென்ன போட்டேன், ஏன் போட்டேன், எப்படி உழைக்கின்றன என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தம்பியின் கேள்விக்கே வருகிறேன். அந்த 10 ஆம்பியர் பொய் இல்லை. ஆனால் அது ஏசி மின்சாரத்துக்கு, அதுவும் ஹீட்டர் மாதிரி சாதுவான லோடுக்குச் சொன்ன எண். 50 ஹெர்ட்ஸ் ஏசியில் மின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு வருகிறது. பாயிண்ட் பிரியும்போது எழும் நெருப்பு அடுத்த பூஜ்யத்தில் தானே அணைந்துவிடும். டிசியில் பூஜ்யமே கிடையாது. பாயிண்ட் போதுமான அளவு விலகினால்தான் நெருப்பு அறும். எங்கள் பிரேக்குக்கு 230 வோல்ட் ஏசியை அரை அலையாக மாற்றி ஏறக்குறைய 103 வோல்ட் டிசி கொடுக்கிறார்கள். போதாததற்கு அது பெரிய காயில். மின்சாரத்தை நிறுத்தினாலும் உள்ளே தேங்கிய ஆற்றல் பாயிண்டின் இடைவெளி வழியாகத் தள்ளிக்கொண்டு வரும். ரிலேயின் தரவுத்தாளில் டிசி வோல்ட்டேஜுக்கும் ஆம்பியருக்கும் ஒரு வளைகோடு போட்டிருப்பார்கள். அதுதான் நாம் முதலில் திருப்ப வேண்டிய பக்கம். 10 ஆம்பியர் என்று எழுதிய பல ரிலேக்களில் 110 வோல்ட் டிசிக்கு வரும்போது அந்தக் கோடு அரை ஆம்பியர் பக்கமாக இறங்கிவிடுகிறது, அதுவும் காயில் அல்லாத லோடுக்கு. ஆக நாங்கள் இருபது மடங்கு பெரிதாகப் போடவில்லை, தேவைக்கும் சிறிதாகத்தான் போட்டிருந்தோம். அந்த ரிலே எந்தக் கம்பெனி என்பதைச் சொல்லப் போவதில்லை. சரியான இடத்தில் போட்டிருந்தால் அது பல வருஷம் உழைத்திருக்கும்.

பிரேக்குக்கு இப்போது ஒரு சின்ன காண்டாக்டர், அதாவது பெரிய லோடுகளுக்கான ரிலே, இருக்கிறது. அதன் மூன்று பாயிண்டுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைத்திருக்கிறேன். ஒரே நேரத்தில் மூன்று இடத்தில் பிரியும்போது நெருப்பு மூன்றாகப் பிரிந்து சீக்கிரம் அறுகிறது. இப்படி இணைப்பதற்கான டிசி அளவுகளைக் காண்டாக்டர் கேட்டலாக்குகளிலேயே தனி அட்டவணையாகக் கொடுத்திருக்கிறார்கள். பிரேக் காயிலின் குறுக்கே, வோல்ட்டேஜ் எகிறாமல் அடக்க ஒரு வேரிஸ்டர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கிறேன். பாயிண்டில் லேசான கறுப்பு மட்டும் இருக்கிறது, குழி விழவில்லை.

அடுத்தது காண்டாக்டர்கள். ஸ்னைடரின் டெசிஸ் டி வரிசையைத் தேர்ந்தெடுத்தேன். அந்த வரிசையில் எல்சி1டி09 என்ற மாடலை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். பெயரிலேயே 09 இருப்பதால் எல்லோரும் அதை 9 ஆம்பியர் காண்டாக்டர் என்றுதான் சொல்வோம். ஏசி-3 என்ற வகைக்கு, அதாவது சாதாரண மோட்டாரைக் கிளப்பி, ஓடிக்கொண்டிருக்கும்போது நிறுத்தும் வேலைக்கு, அது 9 ஆம்பியர். ஏசி-1 வகைக்கு, ஹீட்டர் போன்ற லோடுக்கு, அதே பொருள் 25 ஆம்பியர். இரண்டுமே உண்மை. ஐஇசி 60947-4-1 என்ற தரநிலை இந்த வகைகளை வரையறுத்து வைத்திருக்கிறது. நல்ல கம்பெனிகள் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இரண்டையும் அச்சிடுகின்றன. வகையைச் சொல்லாமல் ஆம்பியரை மட்டும் சொன்னால் அது பாதி வாக்கியம்.

எங்கள் பேக்கிங் மெஷினின் சீலிங் ஹீட்டர் 12 ஆம்பியர் எடுக்கிறது. அதற்கு முன்னால் இருப்பது அந்த "9 ஆம்பியர்" காண்டாக்டர்தான். உறையைத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பு மட்டும். கான்வேயர் மோட்டார் 2.2 கிலோவாட், பெயர்ப்பலகையில் 4.9 ஆம்பியர். அதற்கு எல்சி1டி18, அதாவது ஏசி-3 கணக்கில் 18 ஆம்பியர் காண்டாக்டர் போட்டேன். பேனலைப் பார்க்க வருகிற பலரும் இதை மாற்றிப் போட்டுவிட்டதாகவே நினைத்துவிடுகிறார்கள். காரணம் இதுதான். ஷிஃப்டு மாறும்போது ஆபரேட்டர்கள் பெட்டியைச் சரியான இடத்துக்குக் கொண்டுவர அந்த மோட்டாரைத் தட்டித் தட்டி நகர்த்துவார்கள். மோட்டார் வேகம் எடுக்கும் முன்பே நிறுத்தினால், பாயிண்ட் 5 ஆம்பியரைப் பிரிப்பதில்லை. கிளம்பும்போது இழுக்கும் ஆறேழு மடங்கு மின்னோட்டத்தை அப்படியே பிரிக்கிறது. இதற்குப் பெயர் ஏசி-4. ஏசி-3 கணக்கில் பல இலட்சம் முறை உழைக்க வேண்டிய பாயிண்ட், ஏசி-4 வேலையில் அதில் சிறு பங்குகூட உழைக்காது. பழைய காண்டாக்டர் ஏன் எட்டு மாதத்துக்கு ஒருமுறை போனது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புதியது ஒன்றரை ஆண்டாக அசையவில்லை.

காயில் விஷயத்தில் ஒரு மாற்றம் செய்தேன், இந்தப் பேனலில் எனக்கு அதிகம் பிடித்தது அதுதான். முன்பு எல்லாம் ஏசி காயில். ஏசி காயில் இழுத்துப் பிடிக்கும் அந்தக் கணத்தில் நிறைய எடுக்கும், பிடித்த பிறகு குறைந்துவிடும். டெசிஸ் டி சின்ன அளவுகளில் அது இழுக்கும்போது 70 விஏ (வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கிய அளவு), பிடித்த பின் 7 விஏ. பத்து மடங்கு வித்தியாசம். கண்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மரை 7-ஐ வைத்துக் கணக்குப் போட்டு வாங்கினால், நான்கு காண்டாக்டர் ஒன்றாக இழுக்கும்போது வோல்ட்டேஜ் தொய்ந்து எல்லாம் டகடகவென்று அடிக்கும். அப்படி அடிக்கும்போது மெயின் பாயிண்டுகள் ஒட்டிக்கொள்ளும். மோட்டாரில்தான் கோளாறு என்று தேடிக்கொண்டிருப்போம், மூலம் டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும். தரநிலைப்படி காயில் வோல்ட்டேஜ் 85 முதல் 110 சதவீதத்துக்குள் இருந்தால் காண்டாக்டர் ஒழுங்காக இழுக்க வேண்டும். இழுக்கும் நொடியில் காயிலின் ஏ1, ஏ2 டெர்மினலிலேயே மீட்டரை வைத்துப் பார்ப்பது நல்லது.

இப்போது 24 வோல்ட் டிசி காயில், குறைந்த மின்செலவு வகை. இழுக்கும்போதும் பிடிக்கும்போதும் அதே 2.4 வாட், அதாவது 0.1 ஆம்பியர். மெஷினை இயக்கும் சின்னக் கணினியான பிஎல்சியின் டிரான்சிஸ்டர் அவுட்புட் 0.5 ஆம்பியர் தாங்கும் என்பதால் நடுவில் ரிலேயே இல்லாமல் நேராகக் கொடுத்துவிட்டேன். ஏழு ரிலே குறைந்தது, அவற்றைச் செருகும் ஏழு பேஸ் குறைந்தது, தேடவேண்டிய இடமும் அவ்வளவு குறைந்தது. இந்தக் காயிலில் வோல்ட்டேஜ் எகிறாமல் தடுக்கும் பாகம் உள்ளேயே இருக்கிறது. இல்லாத மாடலாக இருந்தால் பலர் ஒரு டயோடைக் குறுக்கே போட்டுவிடுகிறார்கள். டயோடு அவுட்புட்டைக் காப்பாற்றும், சந்தேகமில்லை. ஆனால் காண்டாக்டர் விடுவதைப் பல மடங்கு தாமதமாக்கும். பாயிண்ட் மெதுவாகப் பிரியும், நெருப்பு நீளும். பிரேக் போன்ற இடத்தில் அந்தத் தாமதமே தூரமாகிவிடும். அங்கெல்லாம் ஜீனர் வகையோ வேரிஸ்டரோ தான் என் தேர்வு.

மோட்டார் அளவுக்குமேல் மின்சாரம் இழுத்தால் டிரிப் ஆகி, அதாவது விழுந்து, அதை நிறுத்துவது ஓவர்லோடு ரிலே. அதற்கு அதே குடும்பத்தின் எல்ஆர்டி10 போட்டேன், 4 முதல் 6 ஆம்பியர் வரை திருகக்கூடியது. 4.9-இல் வைத்துவிட்டு ரீசெட்டைக் கையால் செய்யும் நிலையில் விட்டிருக்கிறேன். தானாக ரீசெட் ஆகும்படி வைத்தால், ஒருவர் பெல்ட்டில் கைவைத்துச் சிக்கலை எடுக்கும்போது மோட்டார் கிளம்பக்கூடும். 95-96 பாயிண்ட் நிறுத்துவதற்கு, 97-98 பாயிண்ட் விளக்குக்கு, அவ்வளவுதான். ஒன்று மட்டும் கவனியுங்கள். டிரிப் கிளாஸ் 10 என்றால் வைத்த அளவைப்போல் 7.2 மடங்கு மின்னோட்டத்தில் 10 விநாடிக்குள் விழுந்துவிடும். பக்கத்து அறையில் ஒரு பெரிய ஃபேன் முழு வேகம் எடுக்கவே 18 விநாடி ஆகிறது. அதற்குக் கிளாஸ் 10 போட்டுவிட்டு, விழுகிறது விழுகிறது என்று ஒவ்வொருவராக அளவைக் கூட்டிக்கொண்டே போயிருந்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது பெயர்ப்பலகையைவிட 40 சதவீதம் மேலே இருந்தது. அந்த மோட்டாருக்குப் பாதுகாப்பே இல்லை என்றுதான் அர்த்தம். கிளாஸ் 30 மாற்றி, அளவைப் பெயர்ப்பலகைக்கு இறக்கிய பின் ஒருமுறைகூட விழவில்லை.

சின்ன ரிலேக்களில் இரண்டு வகை வைத்திருக்கிறேன். சிக்னல் விளக்கு, அலாரம், மற்ற மெஷினோடு பேசும் தொடர்புகள் இவற்றுக்கு ஓம்ரானின் எம்ஒய்2. 24 வோல்ட் காயில் 36 மில்லி ஆம்பியர் போல எடுக்கும். ஒளிபுகும் உறை, உள்ளே பாயிண்ட் அசைவதைக் கண்ணால் பார்க்கலாம். பழுது பார்ப்பவனுக்கு அது எவ்வளவு உதவி என்று இரவு ஷிஃப்டில் நின்றவர்களுக்குத் தெரியும். அதிர்வு உள்ள மெஷின் என்பதால் பேஸில் பிடிக்கும் கம்பி கிளிப்பைக் கட்டாயம் போடச் சொல்கிறேன். பழைய பேனலில் வேறொரு கம்பெனி பேஸ் இருந்தது, அதன் பிடிப்பு தளர்ந்து ரிலே பாதி வெளியே வந்து நின்றதை இரண்டுமுறை பார்த்தேன்.

இடம் நெருக்கமான வரிசையில் ஃபைண்டரின் 38 தொடர், அகலம் வெறும் 6.2 மில்லிமீட்டர், ஒற்றைப் பாயிண்ட் 6 ஆம்பியர். ஒரு கை அகலத்தில் பத்துப் பன்னிரண்டு ரிலே உட்கார்ந்துவிடுகிறது. இப்படி மெலிந்த ரிலேக்களின் காயில் மிகக் குறைவாகவே எடுக்கும். அது நல்லதுதான், ஆனால் 230 வோல்ட் ஏசி காயிலாக வாங்கி நீளமான கேபிளின் கடைசியில் போட்டால், பக்கத்துக் கம்பியிலிருந்து கசிந்து வரும் மின்சாரமே அதைப் பிடித்துவைக்கப் போதுமாகிவிடும். சுவிட்சை அணைத்தாலும் ரிலே விடாது. இதற்கென்றே கசிவை அடக்கும் மாடலை ஃபைண்டர் தனியாகத் தருகிறது. எங்களிடம் 60 மீட்டருக்கு மேல் போகும் இரண்டு லைனில் அதைத்தான் போட்டேன்.

38 தொடரில் எனக்கு இன்னொரு வசதியும் கிடைத்தது. காற்று வால்வு ஒன்று நிமிஷத்துக்கு 6 முறை வேலை செய்கிறது. நாளைக்கு 16 மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள் என்று பெருக்கிப் பாருங்கள், 17 இலட்சத்து 28 ஆயிரம் வருகிறது. பாயிண்ட் உள்ள ரிலேக்கு எழுதியிருக்கும் கோடிக்கணக்கான எண் இயந்திர ஆயுள், அதாவது லோடு இல்லாமல் வெறுமனே அசைவது. லோடோடு மின் ஆயுள் என்பது பெரும்பாலும் சில இலட்சம்தான். வால்வின் லோடு குறைவு என்பதால் சற்றுக் கூடுதலாக வரலாம், ஆனாலும் வருஷம் ஒருமுறை மாற்ற வேண்டிய பொருளாகிவிடும். அந்த ஒரு இடத்தில் அதே பேஸில் பொருந்தும் 2 ஆம்பியர் டிசி சாலிடு ஸ்டேட் ரிலேயை, அதாவது அசையும் பாயிண்ட் இல்லாத மின்னணு ரிலேயைச் செருகினேன். வயரை ஒன்றும் தொடவில்லை. எண்ணிக்கை 25 இலட்சத்தைத் தாண்டிவிட்டது, இன்னும் புதிது மாதிரி.

சாலிடு ஸ்டேட் ரிலே என்றதும் எல்லாவற்றுக்கும் அதையே போடலாமே என்று தோன்றும். ஹீட்டரை நொடிக்கணக்கில் ஆன்-ஆஃப் செய்வதற்கு அதைவிட நல்லது இல்லை. எங்கள் சீலிங் ஹீட்டருக்கும் அதுதான், 12 ஆம்பியருக்கு 40 ஆம்பியர் ரிலே. ஏன் அவ்வளவு பெரிது? ஓடும்போது அதன் குறுக்கே ஒன்று, ஒன்றரை வோல்ட் விழுகிறது. ஆம்பியருக்கு ஒரு வாட்டுக்கு மேல் வெப்பமாகிறது. உறையில் எழுதிய ஆம்பியர் நல்ல ஹீட்சிங்க்கோடு (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் துண்டு), காற்றோட்டத்தோடு கிடைப்பது. ஹீட்சிங்க் இல்லாமல் வைத்தால் பெரிய ரிலேகூட நாலைந்து ஆம்பியரோடு நின்றுவிடும். கோடையில் மூடிய பேனலுக்குள் வெப்பம் 50 டிகிரியைத் தொடும், அந்த 50-க்கு நேராக வளைகோடு என்ன சொல்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். ஹீட்சிங்க் துடுப்புகள் மேல்-கீழாக நிற்கும்படி வைத்து, வெப்பப் பசை தடவி இறுக்கியிருக்கிறேன்.

அதைவிட முக்கியமான ஒன்று. சாதாரண காண்டாக்டரின் காயில் எரிந்தால் லோடு நின்றுவிடும். சாலிடு ஸ்டேட் ரிலே கெட்டால் பெரும்பாலும் ஷார்ட் ஆகி, லோடு ஓடிக்கொண்டே இருக்கும். ஹீட்டர் விஷயத்தில் அது தீ விபத்து. அதனால்தான் அதற்கு முன்னால் அந்த எல்சி1டி09-ஐ வைத்து, தனியான ஓவர் டெம்பரேச்சர் சுவிட்ச் வழியாக அதன் காயிலைக் கொண்டுபோயிருக்கிறேன். இந்தக் காண்டாக்டர் இல்லாமல் ஹீட்டர் பேனல் யார் செய்து கொடுத்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன். அப்புறம், அணைத்திருக்கும்போதும் சாலிடு ஸ்டேட் ரிலே வழியே சில மில்லி ஆம்பியர் கசியும். அதை நம்பி ஹீட்டர் டெர்மினலில் கைவைக்கக் கூடாது. வேலைக்கு முன் மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் ஐசொலேட்டரைத் திருப்பிப் பூட்டுப் போட்டுத்தான் தொட வேண்டும்.

பட்டன்கள் எல்லாம் 22 மில்லிமீட்டர் துளைக்கு வருபவை, எண்ணெயும் தண்ணீரும் படும் இடத்தில் உலோகத் தலை, மற்ற இடத்தில் பிளாஸ்டிக். இதில் நீட்டி எழுத ஒன்றுமில்லை, எமர்ஜென்சி ஸ்டாப்பைத் தவிர. மஞ்சள் பின்னணியில் சிவப்புத் தலை, அழுத்தினால் பூட்டிக்கொள்ள வேண்டும், கையால் விடுவித்தால்தான் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் ஐஎஸ்ஓ 13850 தரநிலையில் இருப்பவை. பாயிண்ட் பிளாக்கில் வட்டத்துக்குள் அம்புக்குறி போட்ட அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். பாயிண்ட் ஒட்டியிருந்தாலும் அழுத்தும் விசையே அதைப் பிய்த்துத் திறக்கும் என்பதற்கான குறி அது. லிமிட் சுவிட்ச் வாங்கும்போதும் இதையே தேடுங்கள்.

பழைய பேனலில் எமர்ஜென்சி பட்டனின் பின்னாலிருந்த பாயிண்ட் பிளாக் தலையிலிருந்து கழன்று வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. முன்னாலிருந்து பார்த்தால் பட்டன் அழகாக அழுந்தும், பூட்டும். பின்னால் என்சி பாயிண்ட் (அழுத்தினால் திறக்க வேண்டியது) மூடியபடியே இருக்கும், மெஷின் நிற்காது. எத்தனை நாள் அப்படி இருந்ததோ. இப்போது தலையிலிருந்து பிளாக் கழன்றால் தானே சர்க்யூட்டைத் திறந்துவிடும் வகையைப் போட்டிருக்கிறேன். இரண்டு தனித்தனி பாயிண்டுகள் ஒரு சேஃப்டி ரிலேக்குப் போகின்றன. அந்த ரிலேயின் உள்ளே பாயிண்டுகள் ஒன்றோடொன்று இயந்திரரீதியாகக் கோத்தவை. ஓடவைக்கும் பாயிண்ட் ஒட்டிக்கொண்டால் கண்காணிக்கும் பாயிண்ட் மூடாது, அடுத்தமுறை மெஷின் கிளம்பாது. சாதாரண ரிலே இரண்டை வைத்து இதைச் செய்துவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து கேட்காதீர்கள்.

பிஎல்சி இன்புட்டுக்குப் போகும் பாயிண்டுகள் வேறு மாதிரித் தொல்லை தரும். அங்கே ஓடுவது ஐந்து மில்லி ஆம்பியர் போல. வெள்ளிப் பாயிண்டில் படியும் கறுப்பை எரித்துத் துடைக்க அந்தச் சின்ன மின்னோட்டத்துக்குச் சக்தி இல்லை. பெரிய பாயிண்ட் இருந்தால் நல்லது என்று 10 ஆம்பியர் பாயிண்டைப் போட்டால், சில மாதத்தில் சிக்னல் வந்து வந்து போகும். தங்கப்பூச்சு உள்ளதோ, இரட்டைப் பாயிண்ட் உள்ளதோ வாங்க வேண்டும். தரவுத்தாளில் குறைந்தபட்ச லோடு என்று ஒரு வரி இருக்கும், அதிகபட்சத்தைப் பார்க்கிற அதே கண்ணால் அதையும் பாருங்கள். ஒருமுறை பெரிய லோடில் ஓடிய தங்கப்பூச்சுப் பாயிண்டைத் திரும்ப சிக்னலுக்குப் போடாதீர்கள், பூச்சு எரிந்திருக்கும்.

ஒன்றரை ஆண்டில் இந்தப் பேனலில் மாற்றியது ஒரு பச்சை விளக்கும் ஒரு லிமிட் சுவிட்சின் உருளையும் மட்டும். பிரேக் காண்டாக்டரை அடுத்த ஆண்டு நிறுத்தத்தில் கழற்றிப் பாயிண்டின் தடிமனைப் பார்க்கத் திட்டம். அதற்கான மாற்றுக் காண்டாக்டர் பேனல் கதவின் உட்பக்கப் பையில் இருக்கிறது. உறைமேல் "பிரேக், டிசி, மூன்றும் தொடரில்" என்று தம்பியே எழுதி ஒட்டிவிட்டான்.